திருத்தம் வழங்கும் பொறியின் கதை



வரலாறு என்றதும் அரசர்களையும் போர்களையும் கோட்டைகளையும் நினைப்பது நம் வழக்கம். திருகோணமலைத் துறைமுகத்தின் வரலாற்றைப் பேச வருவோரும், போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என அது கைமாறிய வரிசையைக் கூறி அமைவர். இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் அத்துணைப் பெருமை படைத்ததன்று. பிழை திருத்துதல் என்னும் எளிய தொழிலின் வரலாறு அது. அதிலும், பலருக்குத் திருத்தம் வழங்கிக்கொண்டிருக்கும் ஒரு நிலையமே பழமையுற்றுவிட்டால் அதனை எவ்வாறு புதிய பதிப்புக்கு மாற்றுவது என்பதன் வரலாறு. பொருள் கணினி பற்றியதாயினும், கணினியைத் தொட்டறியாத நேயரும் இதனைப் பின்தொடரலாம். ஏனெனில் இக்கதை நமது துறைமுகத்தருகிலிருந்தே தொடங்குகிறது.

திருகோணமலை நகரிலிருந்து உப்புவெளி, சாம்பல்தீவு, நிலாவெளி என வடக்கு நோக்கி நீளும் கரையோரத்தில் வாழ்வோர், கடலின் அடித்தளம் என்றும் ஒரே நிலையில் இருப்பதில்லை என்பதை அறிவர். மணற்றிட்டு இடம் மாறும், ஆற்றுமுகம் அடைபடும், மூழ்கிய கப்பலொன்று பாறைபோல் கிடக்கும். 1942 ஏப்ரல் 9ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியபோது குண்டுபட்ட ‘சகாயிங்’ என்னும் கப்பல், பின்னர் துறைமுக நீரின் அடியிலே எழுபது ஆண்டுகளுக்கு மேல் கிடந்தது. 2018ஆம் ஆண்டில் இலங்கைக் கடற்படையினர் அதனை மேலே கொணர்ந்தனர். அது தாழ்ந்தபோது கடல்வரைபடத்துக்கு ஒரு திருத்தம் வேண்டும். எழுந்தபோது மற்றொரு திருத்தம் வேண்டும். திருத்தம் ஏறாத படத்தை நம்பிக் கப்பல் செலுத்துவோன், இல்லாத கடலிலே பயணம் செய்கின்றான் எனலாம்.

இவ்வகைத் திருத்தத்தை ஒழுங்காகச் செய்வதற்கென்று ஓர் அலுவலகம் தோன்றிய காலம் நமக்கு மிக நெருங்கியது. ஆங்கிலேயக் கடற்படையின் நீரியல் அலுவலகம் 1795 ஓகஸ்ட் 12ஆம் நாள் நிறுவப்பட்டது. அதே மாதத்தின் இறுதிப் பகுதியிலேதான் திருகோணமலைக் கோட்டை ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் வசமாயிற்று. அவ்வலுவலகத்தின் முதல் தலைவரான அலெக்சாந்தர் தல்ரிம்பிள், இளமையிலே கிழக்கிந்தியக் கொம்பனியின் எழுத்தராகச் சென்னைக்கு வந்து பணியாற்றியவர். 1834ஆம் ஆண்டு முதல் அவ்வலுவலகம் ‘கடலோடிகளுக்கான அறிவித்தல்’ என்ற பெயரில் திருத்தங்களை வெளியிட்டு வந்தது. நாளடைவில் அவை வாரந்தோறும் வெளிவரலாயின. கப்பலின் அதிகாரி அவ்வறிவித்தலைப் படித்து, தம்மிடமுள்ள படத்தில் மையினால் திருத்தம் செய்து, படத்தின் கீழ் மூலையில் அத்திருத்தத்தின் இலக்கத்தையும் குறித்து வைப்பார். எத்தனையாம் திருத்தம் வரை ஏறியுள்ளது என்பதை எவரும் ஒரு பார்வையில் அறிந்துகொள்ள அது போதும்.

இங்கே இரண்டு செயல்களை வேறுபடுத்தி உணர வேண்டும். ஒரு வெளிச்சவீட்டின் ஒளி மாறினால், மையினால் ஒரு கோடு இழுப்பது போதும். அது திருத்தம். ஆனால் மாற்றங்கள் மிகுந்து படம் முழுவதும் மை படிந்துவிட்டால், அல்லது கடலையே புதிதாக அளந்து விட்டால், நீரியல் அலுவலகம் புதிய பதிப்பை வெளியிடும். அன்றே பழைய பதிப்பு நீக்கப்பட்டதாக அறிவிக்கப்படும். அதற்குப் பின்னர் பழைய படத்துக்கு எவரும் திருத்தம் அனுப்பார். அப்படம் கிழியாமல் இருக்கலாம், எழுத்துக்கள் மங்காமல் இருக்கலாம்; ஆயினும் அது இறந்த படமே. திருத்தம் வேறு, பதிப்பு மாற்றம் வேறு என்னும் இவ்வேறுபாடு நமது இன்றைய பொருளுக்கு அடித்தளமாகும்.

இனிக் கணினிக்கு வருவோம். கணினியை இயக்கும் கட்டளைகளின் தொகுதியை மென்பொருள் என்கிறோம். அது மனிதர் எழுதியது, ஆகவே பிழையுடையது. அமெரிக்காவின் ஹாவார்ட் பல்கலைக்கழகத்தில் 1944ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கிய ‘மார்க் ஒன்று’ என்னும் பெரும் பொறிக்குக் கட்டளைகள் துளையிட்ட காகித நாடாவிலே கொடுக்கப்பட்டன. ஒரு துளை தவறான இடத்தில் அமைந்தால், அவ்விடத்தில் சிறு காகிதத் துண்டை ஒட்டி மறைத்தனர். கிழிந்த வேட்டிக்கு ஒட்டுப் போடுவதைப் போன்ற அச்செயலின் பெயரே, காகிதம் மறைந்த பின்பும், மென்பொருள் திருத்தத்துக்கு உலக வழக்கில் நிலைத்துவிட்டது.

கணினிகள் சிலவாய் இருந்த நாளில் ஒட்டுப் போடுவது எளிதாயிருந்தது. அவை கோடிக்கணக்கில் பெருகி ஒன்றோடொன்று இணைக்கப்பட்ட போது நிலைமை மாறியது. மைக்ரோசொப்ட் நிறுவனம் 1998ஆம் ஆண்டில், இணையத்தின் வழியே திருத்தங்களைப் பெற்றுக்கொள்ளும் வசதியைத் தன் வின்டோஸ் இயங்குதளத்தோடு வழங்கியது. வீட்டிலே ஒரு கணினி வைத்திருப்போருக்கு அது போதும். ஆனால் முந்நூறு கணினிகள் உள்ள ஒரு திணைக்களத்தை எண்ணிப் பாருங்கள். முந்நூறும் ஒரே திருத்தத்தைத் தனித்தனியே கடல் கடந்து போய்க் கொண்டுவருமாயின், ஒரே சரக்குக்காக முந்நூறு வள்ளங்கள் புறப்படுவதை ஒக்கும். அன்றியும், எக்கணினி பெற்றது, எது பெறவில்லை என்று கணக்கெடுக்க ஆள் இல்லை.

இக்குறையை நீக்கப் பிறந்ததே இற்றைப்படுத்தல் முகாமை வழங்கி. வழங்கி என்பது பிற கணினிகளுக்குப் பணிசெய்யும் கணினி. அது மட்டும் வெளியே சென்று திருத்தங்களைத் தருவித்துத் தன் களஞ்சியத்தில் வைக்கும். பொறுப்பான உத்தியோகத்தர் அவற்றைப் பார்வையிட்டு, எந்தப் பிரிவுக்கு எதனை வழங்கலாம் என்று இசைவு தருவார். பின்னர் கணினிகள் யாவும் அதனிடமே வந்து பெற்றுக்கொள்ளும். பெற்ற செய்தியையும் அறிவிக்கும். சுருங்கக் கூறின், வாராந்த அறிவித்தலைப் பெற்று ஊர்க் கப்பல்களின் படங்களையெல்லாம் திருத்திக் கொடுக்கும் களஞ்சிய அலுவலகம் அது.

மைக்ரோசொப்ட் இத்தகைய வழங்கியின் முதல் வடிவத்தை 2002ஆம் ஆண்டில் வெளியிட்டது. அதன் தேவையை உலகம் அடுத்த ஆண்டே கண்கூடாகக் கண்டது. 2003 சனவரி 25ஆம் நாள், ‘ஸ்லாமர்’ எனப் பெயரிடப்பட்ட கணினிப் புழு பத்தே நிமிடங்களில், தனக்கு இடங்கொடுக்கும் குறையுடைய கணினிகளிற் பெரும்பாலானவற்றைப் பற்றிக்கொண்டது. வியப்பு யாதெனின், அப்புழு நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் 2002 யூலையிலேயே, அதாவது ஆறு மாதங்களுக்கு முன்னரே, வெளிவந்திருந்தது. மருந்து இருந்தது, ஆனால் நோயாளியிடம் போய்ச் சேரவில்லை. அவ்வாண்டின் ஒக்டோபர் முதல் ஒவ்வொரு மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமையிலும் திருத்தங்களை ஒருங்கே வெளியிடும் வழக்கம் ஏற்பட்டது. கடலோடிகளுக்கு வாரம் எப்படியோ, கணினிக் காவலருக்கு அச்செவ்வாய் அப்படியாயிற்று.

இதுவரை கூறியது திருத்தத்தின் கதை. இனிக் கூறுவது பதிப்பு மாற்றத்தின் கதை. ஊருக்கெல்லாம் திருத்தம் வழங்கும் அவ்வழங்கியும் ஒரு மென்பொருளே. ஆகவே அதற்கும் மூப்பு உண்டு. முதல் வடிவம் வின்டோஸ் இயங்குதளத்துக்கு மட்டுமே திருத்தம் வழங்க வல்லதாயிருந்தது. 2005ஆம் ஆண்டில் வெளிவந்த அடுத்த பதிப்பு, அலுவலக மென்பொருள்களுக்கும் மின்னஞ்சல் வழங்கிகளுக்கும் தரவுத்தளங்களுக்கும் சேர்த்து வழங்கியது. 2007இல் மூன்றாவது பதிப்பு வந்தது. 2012இல் அது தனிப் பொருளாயிருந்த நிலை மாறி, வழங்கிகளுக்கான வின்டோஸ் இயங்குதளத்தின் ஓர் அங்கமாகவே சேர்க்கப்பட்டது. ஒவ்வொரு மாற்றத்தின் போதும் உலகெங்குமுள்ள அலுவலகங்கள் பழைய பொறியிலிருந்து புதிய பொறிக்குக் குடிபெயர வேண்டியிருந்தது.

குடிபெயராதிருந்தால் என்ன நேரும்? பழைய வழங்கி ஓடிக்கொண்டுதான் இருக்கும். அதன் விளக்குகள் எரியும், விசிறி சுழலும். ஆனால் அது சிறிது சிறிதாகச் செவிடாகும், குருடாகும். 2015ஆம் ஆண்டில் வின்டோஸ் 10 வெளிவந்தபோது, அதன் பெரிய பதிப்பு மாற்றங்களை வழங்குவதற்கு 2012ஆம் ஆண்டு வழங்கிக்கே தனியான ஓர் ஒட்டுப் போட வேண்டியிருந்தது. அதனினும் பழைய மூன்றாவது பதிப்புக்கு அவ்வாற்றலே கிட்டவில்லை. 2019ஆம் ஆண்டில் மற்றொரு நெருக்கடி வந்தது. திருத்தங்கள் உண்மையானவையே என்று உறுதிசெய்ய அவற்றின்மேல் இடப்படும் கணித முத்திரை பழமையுற்றுப் போலிக்கு இடங்கொடுக்கும் நிலைக்கு வந்ததால், மைக்ரோசொப்ட் அவ்வாண்டின் நடுப்பகுதியில் வலிமை மிக்க புதிய முத்திரைக்கு மாறியது. மூன்றாவது பதிப்பைப் பயன்படுத்தியோர் உரிய காலத்தில் ஒரு தனித் திருத்தத்தை ஏற்றாவிடின், வாயிலுக்கு வரும் நல்ல சரக்கையும் அது அடையாளம் காணமாட்டாது திருப்பிவிடும். திணைக்களத்தின் முத்திரை மாறியதை அறியாத காவலாளி, உண்மையான கடிதத்தைக் கொண்டுவந்தவனைத் தடுத்து நிறுத்துவதை இது ஒக்கும்.

செவிடும் குருடும் ஒருபுறமிருக்க, அதனினும் கொடியதொன்று உண்டு. எல்லாக் கணினிகளும் நம்புகின்ற பொறி பகைவன் கையிற் சிக்குமாயின், மருந்து வரும் வழியே நஞ்சும் வரும். 2017 யூன் 27ஆம் நாள் இது மெய்யாயிற்று. உக்ரேன் நாட்டிலே கணக்குப் பதிவுக்கும் வரி செலுத்துவதற்கும் பரவலாகப் பயன்பட்ட மென்பொருள் ஒன்றின் திருத்தம் வழங்கும் பொறியைக் கைப்பற்றியோர், அதன் வழியாகவே அழிவு நிரலை அனுப்பினர். அந்த நிறுவனத்தின் வழங்கிகளைப் பின்னர் ஆராய்ந்தபோது, 2013ஆம் ஆண்டுக்குப் பின் அவற்றுக்கு எவரும் திருத்தம் ஏற்றவில்லை என்பது தெரியவந்தது. ஊருக்குத் திருத்தம் அனுப்பிய பொறி, தான் திருத்தமின்றிக் கிடந்தது.

அந்தத் தீ உக்ரேனோடு நிற்கவில்லை. டென்மார்க்கு நாட்டின் பெரும் கப்பல் நிறுவனமான மேர்ஸ்க் அதனால் முடங்கிற்று. உலகின் பல துறைமுகங்களில் அதன் கொள்கலன் முனையங்கள் நின்றன. இந்துமாக்கடலின் கரையிலே, மும்பைக்கு அருகிலுள்ள ஜவகர்லால் நேரு துறைமுகத்தில், அந்நிறுவனத்தைச் சேர்ந்த முனையத்தின் வேலைகள் தடைப்பட்டன. 4,000 வழங்கிகளையும் 45,000 கணினிகளையும் பத்தே நாட்களில் புதிதாக நிறுவ வேண்டியிருந்தது என்று அந்நிறுவனத்தின் தலைவர் 2018ஆம் ஆண்டு சுவிற்சர்லாந்திலே ஓர் அரங்கில் எடுத்துரைத்தார். கடல்வரைபடத்திலே ஒரு பாறையைக் குறியாது விட்டால் ஒரு கப்பல் மோதும். இங்கோ, திருத்தம் ஏறாத ஒரு பொறியினால் பல கடல்களின் கப்பல்கள் கரையிலே காத்துக் கிடந்தன.

நேயர்களே, இது தூர தேசத்துச் செய்தி என்று நாம் அமைதியடைய இயலாது. 2023ஆம் ஆண்டில் நமது நாட்டிலேயே இதனையொத்த இழப்பு நேர்ந்தது. அது இற்றைப்படுத்தல் வழங்கியில் நேர்ந்ததன்று. அரசாங்கத்தின் மின்னஞ்சல் வழங்கியில் நேர்ந்தது. ஆயினும் காரணம் ஒன்றே: குறித்த காலத்தில் புதிய பதிப்புக்கு மாறாமை.

அரச உத்தியோகத்தரின் மின்னஞ்சல் சேவை 2007ஆம் ஆண்டில் மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் 2003ஆம் ஆண்டுப் பதிப்போடு தொடங்கப்பட்டு, 2014இல் 2013ஆம் ஆண்டுப் பதிப்புக்கு மாற்றப்பட்டது. அதனை நடத்திய தகவல் தொடர்பாடல் தொழினுட்ப முகவர் நிலையம் 2021 முதல் மேலும் புதிய பதிப்புக்கு மாறத் திட்டமிட்டிருந்தது. நிதிக் குறைவினாலும் முன்னைய பணிப்பாளர் சபையின் சில முடிவுகளினாலும் அது தாமதமாயிற்று என்று அந்நிலையத்தின் தலைமை அதிகாரியே பின்னர் விளக்கமளித்தார். இதற்கிடையில், அப்பழைய பதிப்புக்குத் திருத்தம் வழங்குவதை அதனை ஆக்கிய நிறுவனம் 2023 ஏப்ரல் 11ஆம் நாளோடு நிறுத்திக்கொண்டது. கடலோடியின் மொழியிற் கூறினால், அந்தப் படம் அன்றே நீக்கப்பட்டுவிட்டது. நாம் அதனை வைத்துக்கொண்டே பயணம் செய்தோம்.

அவ்வாண்டு ஓகஸ்ட் மாத இறுதியில், கப்பம் கோரும் தீநிரல் ஒன்று அவ்வழங்கியைத் தாக்கிற்று. கோப்புக்களைப் பூட்டிவிட்டுத் திறவுகோலுக்குப் பணம் கேட்பது அதன் தொழில். இணைப்பிலே இருந்த காப்புப் பிரதிகளும் சேர்ந்தே பூட்டப்பட்டன. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகள் பாதிப்புற்றன. சேவை விரைவிலே மீண்டது. ஆனால் 2023 மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான கடிதங்களுக்கு வேறெங்கும் பிரதி இருக்கவில்லை. நூறு நாட்களுக்குச் சற்று மேற்பட்ட காலத்தின் அரச கடிதப் போக்குவரத்து அவ்வாறே மறைந்துபோயிற்று.

நூறு நாட் கடிதம் என்றால் என்ன? நமது பாடசாலையிலே ஒரு சேர்வு இடாப்பின் சில பக்கங்கள் கரையான் அரித்துவிட்டால், இருபது ஆண்டுகளுக்குப் பின் ஒருவர் வந்து தம் பிறந்த தேதியை உறுதிப்படுத்தக் கேட்கும்போது, அதிபர் கைவிரிக்க நேர்கிறது. ஓய்வூதியம் கோரும் முதியவரின் கடிதம், இடமாற்றம் கேட்ட ஆசிரியையின் விண்ணப்பம், காணி பற்றிய முறைப்பாடு, ஒரு பாலத்துக்கான மதிப்பீடு என இத்தகைய ஆவணங்களால் ஆனதே அரசாங்கம். கோட்டையை இழந்த அரசு அதனை மீட்டதுண்டு. தன் ஏட்டை இழந்த அரசு அதனை மீட்பது அரிது.

எனினும் நியாயம் பேசுவோமாயின், அக்காலத்தின் நிலைமையையும் மறத்தலாகாது. 2022ஆம் ஆண்டில் நாடு தன் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாது நின்றது. எரிபொருளுக்கு நீண்ட வரிசைகள். மருத்துவமனையில் மருந்துத் தட்டுப்பாடு. அத்தகைய வேளையில், ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பொறியை மாற்றுவதற்குப் பணம் ஒதுக்குங்கள் என்று கேட்பவனின் குரல் எடுபடாமற் போவது இயல்பே. ஆனால் ஒன்றைக் கருதுதல் வேண்டும். புதிய பதிப்பை வாங்கப் பெரும் பணம் வேண்டும் என்பது உண்மை. ஆனால், நாள்தோறும் ஒரு பிரதியை இணைப்பிலிருந்து கழற்றி வேறிடத்தில் வைக்க வேண்டுவது பெரும்பணமன்று, ஒழுங்கு. தாக்குதலுக்குப் பின்னர் அந்நிலையம் அறிவித்த முதன்மையான நடவடிக்கைகள் இரண்டு: இணைப்பில்லாத நாளாந்தக் காப்புப் பிரதி, புதிய பதிப்புக்கு மாற்றம். அவ்விரண்டும் இழப்புக்கு முன்னரே தெரிந்திருந்தவை என்பதே வருந்தத்தக்கது.

இனி, ஓர் இற்றைப்படுத்தல் வழங்கியைப் புதிய பதிப்புக்கு எவ்வாறு மாற்றுவது என்று நோக்குவோம். தொழில்நுட்பத்தார் இதனை இடப்பெயர்வு என்றே கூறுகின்றனர். அச்சொல்லின் பொருளை நமது மாவட்டத்தாருக்கு அகராதி பார்த்துக் கற்பிக்க வேண்டியதில்லை. வேட்டுச் சத்தம் கேட்ட பின் கிளம்புவோர் கையிற் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஓடுவர். அடையாள அட்டையும் பிறப்புச் சான்றிதழும் காணி உறுதியும் அலுமாரியிலே தங்கிவிடும். நாளும் வேளையும் பார்த்து வீடு மாறுவோரோ, ஒவ்வொன்றாய் எண்ணி எடுத்துச் செல்வர். பொறியின் இடப்பெயர்வு இரண்டாவது வகையாக அமைய வேண்டும். முதல் வகையாக அமைதலாகாது.

முதற் படி கணக்கெடுப்பு. எத்தனை கணினிகள் இவ்வழங்கியைச் சார்ந்துள்ளன என்று பார்த்தல் வேண்டும். வாக்காளர் இடாப்பிலே இறந்தோர் பெயர் தொடர்ந்திருப்பது போல, எப்போதோ கழித்துவிடப்பட்ட கணினிகளின் பெயர்கள் அங்கே இருக்கும். புதிய திருத்தம் வந்தபின் பயனற்றுப்போன பழைய திருத்தங்கள் மலைபோற் குவிந்திருக்கும். அவற்றை நீக்கிய பின்பே மூட்டை கட்டுதல் வேண்டும். குப்பையோடு குடிபெயர்வோர் புதிய வீட்டையும் முதல் நாளே பழையதாக்குவர்.

இரண்டாவது படி, பழைய பொறியை நிறுத்தாது, அதன் அருகிலே புதியதை எழுப்புதல். பின்னர் எடுத்துச் செல்ல வேண்டியவை மூன்று. திருத்தக் கோப்புக்கள் நிறைந்த களஞ்சியம் ஒன்று. எதற்கு யார் இசைவு தந்தார், எந்தக் கணினி எதனைப் பெற்றது என்னும் பதிவுகள் அடங்கிய தரவுத்தளம் மற்றொன்று. கணினிகளைப் பிரிவு பிரிவாக வகுத்த ஒழுங்கு மூன்றாவது. கோப்புக்களை மீண்டும் இணையத்திலிருந்து பெற்றுவிடலாம். ஆனால் ஆண்டுக்கணக்காக மனிதர் ஆராய்ந்து தந்த இசைவுகளை எந்த இணையமும் திருப்பித் தராது. ஆகவே தரவுத்தளத்தின் பிரதி ஒன்றைத் தனியே எடுத்து வைத்த பின்னரே எதனையும் தொடுதல் வேண்டும்.

மூன்றாவது படி சிறிது நுட்பமானது. ஒவ்வொரு வழங்கிக்கும் தனக்கென ஓர் அடையாள இலக்கம் உண்டு. தரவுத்தளத்தை அப்படியே பெயர்த்து வைத்தால் பழைய அடையாளமும் கூடவே வந்துவிடும். ஒரே அடையாள அட்டையோடு இருவர் உலவினால் எத்தகைய குழப்பம் விளையுமோ, அத்தகைய குழப்பம் அங்கும் விளையும். எனவே புதிய பொறிக்குப் புதிய அடையாளத்தைப் பிறப்பித்தல் வேண்டும். பெரிய நிறுவனங்களில் தலைமை வழங்கி ஒன்றும் அதன் கீழ் கிளை வழங்கிகள் பலவும் இருக்கும். அங்கே மாற்றம் தலைமையிலிருந்து தொடங்கிக் கீழே வர வேண்டும். கிளை புதியதாகித் தலைமை பழையதாயிருப்பின், கிளையின் மொழி தலைமைக்கு விளங்காது.

நான்காவது படி, சார்ந்த கணினிகளுக்குப் புதிய முகவரியை அறிவித்தல். பழைய மூன்றாவது பதிப்பு வழமையாக 80 என்னும் வாயில் இலக்கத்திலே பணிபுரிந்தது. 2012ஆம் ஆண்டுக்குப் பின் வந்தவை 8530 என்னும் வாயிலைக் கொண்டன. இந்தச் சிறு வேறுபாட்டை மறந்து பெயரை மட்டும் மாற்றியவர்கள், கணினிகள் பழைய கதவையே தட்டிக்கொண்டு நிற்பதைக் கண்டனர். ஆகவே முதலிலே ஒரு சிறு பிரிவுக்கு மட்டும் புதிய முகவரியைக் கொடுத்து, அக்கணினிகள் வந்து திருத்தம் பெற்று, பெற்றதை அறிவிக்கும் வரை காத்திருத்தல் வேண்டும். எல்லாப் பிரிவுகளும் வந்து சேர்ந்தன என்பதை எண்ணிப் பார்த்த பின்பே பழைய பொறியை அணைத்தல் முறை.

பாடசாலையிலே ஓர் அதிபர் மாறும்போது பொறுப்புக் கையளித்தல் என்னும் நடைமுறை உண்டு. போகின்றவரும் வருகின்றவரும் ஒன்றாக நின்று, சம்பவத் திரட்டையும் இடாப்புக்களையும் கதிரை மேசைகளையும் எண்ணி, இருவரும் கையொப்பமிடுவர். அந்த ஒரு நாள் இருவரும் ஒரே வளவில் இருப்பதாலேதான், ‘அது எங்கே?’ என்ற கேள்விக்கு விடை கிடைக்கிறது. பழைய பொறியும் புதிய பொறியும் சிலகாலம் அருகருகே ஓடவேண்டும் என்பதன் காரணமும் அதுவே.

இவ்வளவும் கூறியபின், அண்மைக் காலச் செய்தி ஒன்றையும் கூறாது விடுதல் தகாது. நாம் பேசிவந்த அவ்வழங்கிக்கு இனிப் புதிய வசதிகள் எவையும் சேர்க்கப்படமாட்டா என மைக்ரோசொப்ட் 2024 செப்டெம்பரில் அறிவித்தது. 2025ஆம் ஆண்டு வழங்கி இயங்குதளத்திலும் அது இடம்பெறுகிறது. ஆனால் இனி வளராது. வளராத பொறியைக் கவனிப்பார் குறைவர் என்பது உலக இயல்பு. அடுத்த ஆண்டு ஒரு நெருக்கடி வந்தது. அவ்வழங்கி, தன்னிடம் வரும் ஒரு வகைச் செய்தியைச் சோதியாது பிரிப்பதனால், எவரும் கடவுச்சொல் இன்றியே வெளியிலிருந்து தம் கட்டளையை அதில் இயக்கலாம் என்ற குறை வெளிப்பட்டது. பத்துக்கு 9.8 என அதன் கடுமை மதிப்பிடப்பட்டது. 2025 ஒக்டோபர் 14ஆம் நாள் வந்த திருத்தம் அவ்வோட்டையை முற்றாக அடைக்கவில்லை. 23ஆம் நாள் அவசரத் திருத்தம் வந்தது. அவ்வழியே நுழையும் முயற்சிகளும் தொடங்கின. வின்டோஸ் 10 பதிப்புக்கான பொதுவான ஆதரவு முடிவுற்றதும் அதே ஒக்டோபர் 14ஆம் நாளே.

ஆகவே இன்று இவ்வழங்கியை வைத்திருப்போர் முன் இரண்டு பாதைகள் உள்ளன. அதனைப் புதிய இயங்குதளத்துக்கு மாற்றி, வெளி இணையத்திலிருந்து யாரும் அணுகாதபடி மதிலுக்குள் வைத்துக் காப்பது ஒன்று. இணையத்தின் வழியே நடைபெறும் முகாமைச் சேவைகளுக்கு மாறுவது மற்றொன்று. தடையற்ற நல்ல இணைப்பும் தொடர்ந்து கட்டணம் செலுத்தும் வசதியும் உடையோருக்கு இரண்டாவது பொருந்தலாம். இணைப்பு மெலிந்த ஊர்களிலே, ஒருமுறை தருவித்துப் பலருக்குப் பகிரும் பழைய முறை இன்னும் பயனுடையதே. எதனைத் தெரிந்தாலும், தெரிவு செய்யும் நாளை நாமே குறித்தல் வேண்டும். நாம் குறியாவிடின் பகைவன் குறிப்பான்.

இதற்குப் பெரிய கல்வி வேண்டுவதில்லை. கணினி வைத்திருக்கும் ஒவ்வொரு கந்தோரும் பாடசாலையும் சங்கமும், தம் இருப்புப் பதிவேட்டிலே கதிரை மேசைகளுக்கு அடுத்தபடியாக ஒரு பக்கத்தை ஒதுக்கட்டும். நம்மிடமுள்ள பொறி எது; அதன் பதிப்பு யாது; அதற்குத் திருத்தம் வருவது எந்த ஆண்டு எந்த நாளோடு முடிகிறது; அந்நாளுக்கு முன் அதனை மாற்றும் பொறுப்பு எந்தப் பதவியினருடையது; இணைப்பில்லாத பிரதி எங்கே வைக்கப்பட்டுள்ளது. இவ்வைந்து கேள்விகளுக்கும் விடை எழுதி, ஆண்டுதோறும் பொருட்கணக்கெடுப்பின்போது அதனையும் சரிபார்த்தால் போதும். ஆள் மாறினாலும் பக்கம் மாறாது.

கடல்வரைபடத்தின் கீழ் மூலையிலே கடைசித் திருத்தத்தின் இலக்கத்தை எழுதி வைத்த அந்தக் கப்பலதிகாரியை எண்ணிப் பாருங்கள். அவர் பெயர் எந்த வரலாற்று நூலிலும் இல்லை. எந்தப் பாறையிலே தம் கப்பல் மோதாது தப்பியது என்பதும் அவருக்கே தெரிந்திராது. நேராத விபத்தை யாரும் கொண்டாடுவதில்லை. ஆயினும், இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகத் திருகோணமலைக்கு வந்துபோன கப்பல்கள் பத்திரமாக வந்துபோனதற்கு, கோட்டையின் பீரங்கிகளைக் காட்டிலும் அந்த மைக்கோடுகளே பெருங்காரணம் என்பதில் ஐயமில்லை. நமது அலுவலகங்களின் ஏதோ ஒரு மூலையில் ஓசையின்றிச் சுழன்றுகொண்டிருக்கும் அந்தப் பொறிக்கும், அதனைக் காக்கும் உத்தியோகத்தருக்கும், உரிய காலத்தில் உரிய கவனத்தை வழங்குவோமாக.